பழைய ஜீப் வாங்கினால் முதலில் அடியில் படுங்கள்

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரம் எல்லாரும் செய்வது ஒன்றுதான். கழுவுவது, போட்டோ எடுப்பது, அப்புறம் என்ன கலர் அடிக்கலாம் என்று வீடே கூடி வாக்குவாதம் பண்ணுவது. கலர் எங்கேயும் ஓடிப்போகாது. முப்பது வருஷம் மலையில் அடிபட்ட ஜீப்பை வாங்கியிருக்கிறீர்கள் என்றால், முதலில் அது நிற்குமா என்று பாருங்கள். நின்றால், சொன்ன பக்கம் திரும்புமா என்று பாருங்கள். ஓடுமா என்கிற கேள்வி கடைசியில்தான். அதை விற்றவரே ஓட்டிக் காட்டியிருப்பார்.

நான் போடிநாயக்கனூர்க்காரி. மேலே இடுக்கிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. இந்த ஊரில் யாரும் பந்தாவுக்கு ஜீப் வைத்துக்கொள்வதில்லை. விடிவதற்குள் ஆள் ஏற்றிக்கொண்டு மெட்டு ஏற வேண்டும், உர மூட்டை போக வேண்டும், பறித்த காய் ஸ்டோருக்கு வர வேண்டும். என்னிடம் இருப்பது மஹிந்திரா எம்.எம். 540. மஹிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்பைக் கோத்து விற்க ஆரம்பித்தது, 540 வந்தது 1985இல். உள்ளே 2112 சிசி பியூஜோ டீசல் இன்ஜின், 62 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு சின்னக் காருக்குக் கூட அதைவிட அதிகம் இருக்கும். இங்கே சொல்வதெல்லாம் 540ஐ மனதில் வைத்துத்தான். சி.ஜே. 3பி, சி.ஜே. 500 என்ற மற்ற ஜீப் மாடல்கள் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

வண்டியைத் தொடும் முன் ஆர்.டி.ஓ. வேலையை ஆரம்பித்துவிடுங்கள், அது தன் பாட்டுக்கு நகரட்டும். பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30. கடன் பாக்கிப் பதிவு ஆர்.சி.யில் இருந்தால் படிவம் 35. எங்கள் பக்கம் பாதி வண்டி கேரளாவின் கே.எல். நம்பரில்தான் வரும், அதற்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. கொடுக்கும் தடையில்லாச் சான்றும் வேண்டும், அது படிவம் 28. 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டியின் பதிவை, எஃப்.சி. எனும் தகுதிச் சோதனை பார்த்து ஐந்து வருஷத்துக்குத்தான் நீட்டிப்பார்கள். 20 வருஷம் தாண்டிய காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2025இல் 10,000 ரூபாய் ஆகிவிட்டது.

இதைவிட முக்கியம் நம்பர். சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், குத்தியிருக்கும் எண்ணைத் துருவைத் துடைத்து பென்சில் பிரிண்ட் எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். இன்ஜினில் குத்தியிருக்கும் நம்பரையும் பாருங்கள். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கும், பானெட்டைத் திறந்தால் டீசல் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஜீப்புகள் நிறைய உண்டு. எஃப்.சி.க்குப் போய் நிற்கும்போதுதான் அந்தத் தலைவலி தெரியும்.

50 வருஷம் தாண்டிய வண்டியாக இருந்தால் 2021இல் வந்த விதிப்படி ‘வின்டேஜ்’ என்று பதிந்து வி.ஏ. எழுத்து போட்ட நம்பர் வாங்கலாம். ஆனால் அதைக் கண்காட்சிக்கும் வின்டேஜ் ராலிக்கும் பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும்தான் வெளியே எடுக்கலாம். தினமும் தோட்டத்துக்குப் போகிற வண்டிக்கு அது சரிப்படாது.

சரி, இப்போது பிரேக். வண்டி நிற்கும்போது பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே பிடியுங்கள். கால் மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கிறது என்றால் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் போயிருக்கும், அல்லது லைனில் காற்று. எது என்று ஊகித்துக்கொண்டு இருக்க வேண்டாம், நான்கு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் கழற்றிவிடுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் ஒதுக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கில் ஆயில் ஏறியிருந்தால் பெட்ரோல் ஊற்றித் துடைத்துவிட்டு மாட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி மேலே வரும். ஒழுகிய ஆயில் சீலை மாற்றி, லைனிங்கை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

யாரும் சந்தேகப்படாத சாமான் ஒன்று உண்டு, பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ரப்பர் ஊதிப்போய் வழி அடைத்திருக்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பி வராது, சக்கரம் பிடித்தபடியே சுற்றிச் சூடாகும். வயசு தெரியாத ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பெரும்பாலான பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான். ஒரு இடத்தில் வெடித்தால் பெடல் மொத்தமாகத் தரைக்குப் போய்விடும்.

ஹேண்ட் பிரேக்கைத் தனியாகப் பாருங்கள். பல பழைய ஜீப்புகளில் அது பின் சக்கரத்தில் இருக்காது, கியர்பாக்ஸிலிருந்து முன் பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு சின்ன டிரம்மாக இருக்கும். உங்கள் வண்டியில் எது என்று அடியில் படுத்துப் பாருங்கள். ஷாஃப்டில்தான் என்றால் இரண்டு விஷயம். ஓடும்போது அதை இழுக்காதீர்கள், ஷாஃப்ட் மூட்டான கிராஸிலிருந்து ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பல் வரை எல்லாவற்றுக்கும் அடி விழும். இரண்டாவது, ஹேண்ட் பிரேக்கை நம்பி ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்காதீர்கள். ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும், இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் மறுபக்கம் உருளும், வண்டி ஜாக்கியை விட்டு நகர்ந்துவிடும். தரையில் இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். தூக்கிய பிறகு சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். செங்கல்லை அடுக்கி வைத்துவிட்டு அடியில் போகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். பாரம் ஏறினால் செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் பொடியும்.

சக்கரம் கழற்றும்போது இன்னொன்று. பழைய ஜீப்பில் இடது பக்கச் சக்கர நட்டுகள் எதிர்த்திசை மரையாக இருக்கலாம். போல்ட் முனையில் எல் என்ற ஆங்கில எழுத்து குத்தியிருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். இருந்தால் வலப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் ஸ்பானரில் பைப்பைச் செருகி ஏறி மிதித்து போல்டை முறித்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே ஸ்டியரிங் வேலையும் பாதி பார்த்துவிடலாம். முன் சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து, உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். டொக் டொக் என்று ஆட்டம் தெரிந்தால் இரண்டு காரணம் உண்டு, வீல் பேரிங் அல்லது சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின். எது என்று கண்டுபிடிக்க ஒரு ஆளை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நட்டைச் சரிசெய்து கிரீஸ் வைத்தால் போதும், ரொம்ப முற்றியிருந்தால் பேரிங் மாற்ற வேண்டும். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங் பின். மேலும் கீழும் பேரிங் பார்த்து ஷிம் வைத்துச் சரிசெய்கிற வேலை அது, தெரிந்த ஆள்தான் செய்ய வேண்டும். கிங் பின் ஆட்டத்தோடு ஓட்டினால் ஏதோ ஒரு வேகத்தில், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன்பக்கம் முழுக்க உதறும். ஸ்டியரிங்கைப் பிடிக்கவே முடியாது.

அப்புறம் சக்கரங்களைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சமாக இப்படியும் அப்படியும் திருப்பட்டும். நீங்கள் அடியில் படுத்துப் பாருங்கள். அசைவு எந்த இடத்தில் சாகிறதோ அந்த இடத்தில்தான் தேய்மானம். டை ராட் எண்டா, டிராக் லிங்கா, நடுவில் இருக்கிற பெல் கிராங்கா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் நேராக ஸ்டியரிங் பாக்ஸ் ஸ்குருவை இறுக்குகிறவர்கள் உண்டு. பாக்ஸ் நடுவில்தான் அதிகம் தேயும். அந்தத் தேய்மானத்தை மறைக்க இறுக்கினால் நேராகப் போகும்போது சரியாக இருக்கும், கொண்டை ஊசி வளைவில் ஒடித்ததும் இறுகிக்கொண்டு திரும்பி வராது.

டயரில் பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் பிறந்த தேதியையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2314 என்றால் 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம். தோட்ட ஜீப்பில் பட்டன் தேயாது, ரப்பர் காய்ந்து வெடிக்கும்.

இனி எண்ணெய். இந்த வேலையை நானே செய்வேன், யாரிடமும் விடமாட்டேன். ஏனென்றால் வண்டியின் பூர்வீகம் முழுக்க அந்தப் பழைய ஆயிலில்தான் இருக்கிறது. ஆக்ஸில் நடுவில் கிரவுன் பல் உட்கார்ந்திருக்கும் முன் ஹவுசிங், பின் ஹவுசிங், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர், இன்ஜின் என்று ஐந்து இடம். எதிலும் கீழ் பிளக்கைக் கழற்றுவதற்கு முன் மேலே ஊற்றுகிற பிளக்கைக் கழற்றுங்கள். அது துருவேறி அசையாமல் போனால், கீழே வடித்துவிட்ட பிறகு எங்கே ஊற்றுவீர்கள்?

வண்டியை நாலு தெரு ஓட்டி ஆயில் சூடாக இருக்கும்போது, சுத்தமான தட்டில் வடியுங்கள். பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஓடையில் இறங்கி ஏறிய வண்டியில் இது சகஜம். ஹவுசிங் மேலே இருக்கிற பிரீதர், அதாவது காற்று போய்வரும் சின்னத் துளை, மண்ணடைத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். அது அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியாக ஆயில் வெளியே வரும், ஓடையில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது அதே வழியில் தண்ணீர் உள்ளே இழுக்கும். சீல் மாற்றி மாற்றி அலுத்துப்போன பல வண்டிகளுக்கு பிரீதரைச் சுத்தம் செய்தாலே போதும்.

அப்புறம் ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயிலில் மஞ்சளாக ஜிகினா போல மினுங்கினால் பித்தளை, கியர் சுலபமாக விழ உதவும் சிங்க்ரோ வளையத் தேய்மானம், அந்த வயசுக்கு ஏற்றதுதான். விரலில் நறநறவென்று இடறினாலோ, காந்தத்தில் ஒட்டுகிற சில்லு கிடைத்தாலோ அது பல் அல்லது பேரிங். அந்தச் சில்லைக் காகிதத்தில் மடித்து மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எங்கள் மெக்கானிக் தம்பி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இது கிரவுன் பல்லு இல்ல, பேரிங் கூடு. இப்பவே தொறந்தா செலவு கம்மி” என்பான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

கியர்பாக்ஸுக்குப் புது ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜி.எல். 4 என்று பார்த்து வாங்குங்கள். ஜி.எல். 5 என்பது ஹவுசிங்குக்கு நல்லது, பித்தளைச் சிங்க்ரோவுக்கு ஆகாது. முன் ஆக்ஸில் இரண்டு நுனியிலும் இருக்கும் பெரிய உருண்டைக்குள் ஜாயிண்ட் இருக்கிறது, அதற்குத் தனியாக கிரீஸ் வைக்க வேண்டும். நிறைய பேர் மறந்துவிடுகிற இடம்.

டீசலுக்கு டேங்கை இறக்கிக் கழுவி, ஃபில்டர் மாற்றி, ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் மேலே உள்ள ஸ்குருவை லூஸ் செய்து, கை பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரையாக வரும். நுரை போய் டீசல் சுத்தமாக வழிந்ததும் இறுக்குங்கள். டேங்க் ஓட்டையாக இருந்தால் காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைத்துவிடாதீர்கள், உள்ளே நிற்கிற ஆவி வெடிக்கும். காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணினால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் நான்கு ஹீட்டர் பிளக்கையும் சோதியுங்கள். இந்த பியூஜோ இன்ஜினுக்கு அந்தச் சூடு கட்டாயம் வேண்டும்.

ஏர் கிளீனர் பழைய ஆயில் பாத் வகை என்றால் கிண்ணத்தில் கோடு வரைக்கும்தான் ஆயில். நிறைய ஊற்றினால் டீசல் இன்ஜின் அதை உறிஞ்சி, அதையே எரித்து, ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காமல் அலறும். காற்று போகிற வழியை அடைத்தால்தான் நிற்கும். ரேடியேட்டர் பக்கம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் சூடு ஏறினாலே, இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். மலைக் குளிரில் அது இல்லாத டீசல் எப்போதும் அரைச் சூட்டில்தான் ஓடும், புகையும் டீசல் செலவும் ஏறும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, நல்ல மூடி போட்டு, தெர்மோஸ்டாட்டை மறுபடி வையுங்கள்.

ஒயரிங்குக்கு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபியூஸைத் தாண்டிப் போகிற ஒயர்களை எல்லாம் பிடுங்கச் சொல்லுங்கள், இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் தடியான எர்த் போடச் சொல்லுங்கள், பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வையுங்கள். ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் 24 வோல்ட்டாக இருக்கலாம், பல்பு வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் டிரான்ஸ்ஃபர் கேஸின் அந்த இரண்டு சின்ன லிவர். ஒன்று முன் ஆக்ஸிலைச் சேர்ப்பது, இன்னொன்று சாதாரண ஓட்டத்துக்கு ஹை, மெதுவான இழுவைக்கு லோ. பெரும்பாலான பழைய ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால்தான் லோ விழும். விழவில்லையே என்று லோ லிவரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் முதலில் மற்ற லிவரைப் பாருங்கள். லோவை வண்டி நின்ற பிறகே போடுங்கள். முன் சக்கரத்தில் ஃப்ரீ வீல் ஹப், அதாவது சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கிற பூட்டு, இருந்தால் இரண்டையும் இறங்கித் திருப்பிப் பூட்டுங்கள், ஒன்றை மட்டும் பூட்டினால் பிரயோஜனம் இல்லை. லோவில் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறையும், இழுவை அதே அளவு கூடும்.

சோதனையைத் தார் ரோட்டில் செய்ய வேண்டாம். இந்த வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் போக வேண்டும், மண்ணில் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும், தாரில் வழுக்க முடியாமல் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். லிவர் எடுக்க வராமல் இறுகிக்கொண்டால் சுத்தியலைத் தேடாமல் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு விட்டதும் தானாக வரும். தென்னந்தோப்பு, உழாமல் கிடக்கிற சொந்தக் காடு, இதெல்லாம் பழக நல்ல இடம். ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள் மட்டும் இறக்கிவிடாதீர்கள். வழக்கு உங்கள் மேல், வண்டி வனத்துறை ஆபீஸ் வாசலில்.

பழகும்போது டயரில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும். டியூப் டயர் என்றால் நான் 18 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்கமாட்டேன், டயர் ரிம்மில் நகர்ந்து வால்வை அறுத்துவிடும். ஸ்டியரிங்கில் கட்டைவிரலை உள்பக்கம் கொடுத்துப் பிடிக்காதீர்கள். முன் சக்கரம் கல்லில் அடித்தால் ஸ்டியரிங் சட்டென்று சுழலும், விரல் முறியும்.

ஏற்றத்தின் நடுவில் இன்ஜின் அணைந்துபோவதை நீங்களே வேண்டுமென்று ஒருமுறை சின்ன மேட்டில் செய்து பழகுங்கள். பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். பிரேக்கை விடாமல் கிளச் மிதித்து, லோவிலேயே ரிவர்ஸ் போட்டு, கிளச்சை முழுக்க விட்டுவிடுங்கள். இப்போது வண்டியைக் கியர் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மெதுவாகத் தளர்த்தி, கிளச்சைத் தொடாமலே செல்ஃப் அடியுங்கள், இன்ஜின் பிடித்து நேர்கோட்டில் மெல்லப் பின்னால் இறங்கும். எந்தக் காரணத்துக்காகவும் சரிவில் வண்டியைக் குறுக்கே திருப்பப் பார்க்காதீர்கள், ஜீப் கவிழ்வது பெரும்பாலும் அப்படித்தான். இறக்கத்தில் லோ முதல் கியர், பிரேக்கில் கால் லேசாக, கிளச்சில் கால் கூடாது.

முதல் மலைப் பயணத்துக்கு போடிமெட்டுச் சாலை போதும். நல்ல தார் ரோடுதான், முன் ஆக்ஸிலைச் சேர்க்காமல் டூ வீல் டிரைவிலேயே போங்கள். ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளையும் இறங்கும்போது பிரேக்கையும் அது சோதித்துவிடும். கீழே முந்தலில் நிறுத்தி, நான்கு டிரம்மிடமும் புறங்கையை அருகில் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால் அது பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது, மறுபடி திறக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் வீல் நட்டு, பட்டைக் கட்டின் யூ போல்ட்டு எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்குங்கள், கழற்றி மாட்டியது எதுவும் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும். மறுநாள் வண்டி ஆறியபின் கியர்பாக்ஸ் லெவலையும் டிரான்ஸ்ஃபர் லெவலையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றில் குறைந்து மற்றதில் அதே அளவு ஏறியிருந்தால் ஆயில் வெளியே எங்கும் போகவில்லை, இரண்டுக்கும் நடுவிலேயே கடக்கிறது. பழைய ஜீப்பில் இது வழக்கம்தான். லெவலைச் சரிசெய்து, அடுத்த சில ஓட்டத்துக்குக் கண் வைத்திருந்தால் போதும், அதற்காக கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.